அம்மாவின் வாய்

குடியேறி வந்தவர்களுக்குச் சிகாகோவில் வகுப்புகள் நடத்திய அந்தப் பழைய வீடு இப்போது அருங்காட்சியகம். லுச்சியா கணவன் தொனாத்தோவோடு போயிருந்தாள்.

"இத்தாலியிலேருந்து வந்த எங்கம்மா வாரம் தவறாம இங்க தையல் வகுப்புக்கு வருவாங்க. இங்கிலீஷ்தான் கடைசிவரைக்கும் வரலை," என்றாள் வழிகாட்டிப் பெண்ணிடம்.

"டாக்டர்கிட்ட, கறிக்கடையில, எங்கேயும் இவதான் அவங்களுக்கு வாய். அந்தப் பழக்கத்துல எனக்கும் சேர்த்து இவளே பேசுறா!" என்றான் தொனாத்தோ.

லுச்சியா சிரித்தாள். முன்பு நியூயார்க்கில் அவளுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, "நீ போயிட்டா நான் ஊமைடி," என்று அம்மா அழுதாள். லுச்சியா போகவில்லை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

"அம்மா பேரு?"

"அசுந்தா தெமார்க்கோ."

"அட, அவங்க பேட்டி இருக்கே!" வழிகாட்டி பொத்தானை அழுத்தினாள்.

அம்மாவின் குரலேதான். ஆனால் தங்குதடையில்லாத ஆங்கிலம்.

"என் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே இங்க கத்துக்கிட்டேன். இப்போ புதுசா வர்றவங்களுக்கு நான்தான் இங்கிலீஷ் டீச்சர்."

"வீட்டுலயும் இங்கிலீஷ்தானா?" என்றது ஓர் ஆண்குரல்.

"ஐயோ, மூச்சு விடமாட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ என்னை விட்டுப் போயிடுவாளே!"

அம்மா சிரித்தாள். பேட்டி எடுத்தவரும் கூடவே சிரித்தார்.