காலால் போட்ட ஓட்டு

"வாயால ஓட்டுப் போட்டது போதும் சார். இனிமே காலால போடுங்க!" என்றார் வெளியிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் அம்மா.

பொறியியல் புலத்துப் பேராசிரியர்கள் கொட்டாவியைப் பாதியில் விழுங்கினார்கள். பல்கலைக்கழகத்தின் அடுத்த ஐந்தாண்டு ஆராய்ச்சி, கல்வித் திட்டத்தைப் போட்டு முடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று டீன் காலையிலேயே சொல்லிவிட்டார். கையில் இருந்த பணம் ஒரே ஒரு புது ஆய்வுக்கூடத்துக்குத்தான் வரும். கேட்பவர்களோ இரண்டு பேர்.

ஒருவர் சிவில் துறைத் தலைவர். இன்னொருவர் எலெக்ட்ரிக்கல் துறைத் தலைவர். பின்னவர் முன்னவருடைய மனைவியின் அண்ணன். அவர் ஆகிருதியைப் பார்த்து மாணவர்கள் வைத்த பெயர் 'மலை'. அவருக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

"சிவிலுக்கு லேப் வேணும்கிறவங்க ஜன்னலோரம் போய் நில்லுங்க. எலெக்ட்ரிக்கலுக்கு வேணும்கிறவங்க கதவோரம். மனசு மாறினா நடந்து இடம் மாறிக்கலாம்" என்றார் பயிற்சியாளர்.

எல்லோரும் கதவோரம் போனார்கள். டீ ஃபிளாஸ்க் அங்கேதான் இருந்தது.

சிவில் தலைவர் மட்டும் ஜன்னலோரம் ஒற்றை ஆளாக நின்றார். அவர் துறைக்குப் புதிதாக ஒரு ஆணி வாங்கியே பல வருஷம் ஆகிவிட்டது. இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால், அடுத்த திட்டம் போடும்போது அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

"என்ன மாப்ளே, காத்து வாங்கறீங்களா?" என்று கேட்டார் மலை. அறையே சிரித்தது.

சிவில் தலைவருக்குச் சுருக்கென்றது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. எங்க பசங்க நாலு வருஷம் படிக்கிறாங்க. ஒருத்தனாவது ஒரு கம்பியை இழுத்து அறுத்துப் பார்த்திருக்கானா? எல்லாம் படத்துலதான். சைக்கிளைப் போர்டுல வரைஞ்சு காட்டினா ஓட்ட வந்துடுமாய்யா? ஆராய்ச்சிக்கு வந்த பொண்ணு ஒண்ணு, கான்கிரீட் கட்டியைச் சாக்குல கட்டி, பஸ்ல தூக்கிட்டு இன்னொரு காலேஜுக்குப் போய் சோதிச்சுட்டு வருது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடறான். அது தோள்பட்டை காய்ச்சுப் போச்சு. நீங்க இங்க டீ குடிங்க!"

சிரிப்பு நின்றது. மெக்கானிக்கல் பேராசிரியர் டீயைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் நடந்தார். கெமிக்கல்காரர்கள் இருவர் பின்னாலேயே போனார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் கும்பலாகக் கிளம்பினார்கள்.

சிவில் தலைவரின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் கொஞ்ச நேரத்தில் வெளிறியது.

"அவசரமில்ல சார். நல்லா யோசிச்சு, ஒவ்வொருத்தரா வாங்க" என்றார்.

"யோசிச்சாச்சு சார்! நீங்க சொன்னது சரி!"

"எலெக்ட்ரிக்கல்காரங்க கேக்கற பேட்டரி ஆராய்ச்சியும் நல்லதுதானே? பாதிப் பேர் அங்க போங்களேன். மச்சான் பாவம்."

"பார்த்தீங்களா!" என்று கூவினார் பயிற்சியாளர். "ஜெயிக்கிறப்பகூட எதிராளியை நினைக்கிறார்!"

பலத்த கைதட்டல். மெக்கானிக்கல் பேராசிரியர் உற்சாகத்தில் ஒரு குதி குதித்தார்.

"ஐயோ, குதிக்காதீங்க! ஜெயிச்சா அடக்கம் வேணும் சார்!" சிவில் தலைவர் குனிந்த தலை நிமிரவில்லை. நெற்றி வியர்வை மூக்கு வழியாக ஒழுகியது.

டீனே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கம் வந்து உட்கார்ந்தார். கதவோரம் மலை மட்டும் மிச்சம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ளே, அந்தப் பொண்ணு சாக்கைத் தூக்கிட்டுப் போறதை நினைச்சா மனசு கேக்கலை. நானும் உங்க பக்கமே வந்துடறேன்" என்று ஓர் அடி எடுத்து வைத்தார்.

"வேண்டாம் மச்சான்! அங்கயே நில்லுங்க! லேப் உங்களுக்கே! நான் விட்டுக் கொடுத்துட்டேன்!"

டீன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என் சர்வீஸ்ல ஒரு துறைத் தலைவர் இன்னொரு துறைக்கு விட்டுக் கொடுத்து நான் பார்த்ததேயில்ல" என்றார் டீன். "லேப் எலெக்ட்ரிக்கலுக்கு. முடிவாச்சு. எல்லாரும் சாரைச் சுத்தி வந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்!"

"மாப்ளே!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார் மலை.

சிவில் தலைவர் அவர் கைக்கடியில் புகுந்து, கதவைத் தாண்டி, படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார். "புகழ்ச்சி பிடிக்காத மனுஷன்யா!" என்று மொத்தக் கூட்டமும் அவரைத் துரத்திக்கொண்டு வெளியே வந்தது.

மைதானத்தின் நடுவில் போய்த்தான் அவர் நின்றார். மூச்சு வாங்க மனைவிக்குப் போன் போட்டார்.

"லேப் உன் அண்ணனுக்குப் போச்சு."

"ஏங்க, உங்க பக்கம் ஆள் சேரலையா?"

"சேர்ந்தாங்க. அதான் வினை. அந்த ஜன்னலோரம் அடியில தூணே இல்லாம அந்தரத்துல நீட்டிக்கிட்டு இருக்கு. அத்தனை பேரை அது தாங்காது. போதாததுக்கு உன் அண்ணனும் வரக் கிளம்பிட்டார்."

"அதை அங்கயே சொல்றதுக்கு என்னவாம்?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? அதுக்குக் கணக்குப் போட்டுக் கட்டினதே நான்தானே!"