சக்கரம் எந்தப் பக்கம்

நகரி மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்று எல்லைத் தகராறு நடந்த சமயம். அங்கே அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, அண்ணன் பிரிக்க, தம்பி முதலில் எடுப்பது என்ற முறைப்படி, அப்பாவின் பழைய லேத்து மெஷினும் இரண்டானது. தம்பி சிட்டிபாபு வேண்டுமென்றே பல்சக்கரங்களை எடுத்துக்கொண்டான். துருப்பிடித்த உடம்பு அண்ணன் கோவர்த்தனனுக்கு. புதுச் சக்கரம் வாங்க அவனுக்கு வசதியில்லை.

"நியாயமா ஒரு வெலை சொல்லுடா."

"ஊரு மெட்ராஸ் பக்கம் போனாலும் ஆந்திரா பக்கம் போனாலும், சக்கரம் உன் பக்கம் வராது. போ."

அடுத்த வாரம் அண்ணனின் பட்டறைக்குள் கடகடவென்று சத்தம். சிட்டிபாபு ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

"சக்கரம் இல்லாம எப்படி ஓடுது?"

"புளியங்கட்டையில செதுக்கி மாட்டிக்கினேன். உன் இரும்ப நீயே துன்னு." கோவர்த்தனன் கதவைத் திறக்கவில்லை.

ஆத்திரத்தில் சிட்டிபாபு அன்றே சக்கரங்களைப் புத்தூர் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டான்.

மறுநாள் அதே கடையில் அதே எடை விலைக்கு அவற்றை வாங்கிவந்து பட்டறையில் இறக்கினான் கோவர்த்தனன். லேத்து மூலையில் அசையாமல் கிடந்தது.

"போதும், நிறுத்து கங்கம்மா."

நேற்றிலிருந்து கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த, இரவல் வாங்கிய வேர்க்கடலை உடைக்கும் மெஷினின் கைப்பிடியை விட்டாள் அவன் மனைவி.

"தோளே கழண்டு போச்சு. ஊரு எந்தப் பக்கம் போவுதோ, சக்கரம் நம்ம பக்கம் வந்துட்சி."