உள்ளே இருந்த காவல்காரன்

டி.வி.க்குப் பின்னால் இருந்த சின்னக் கணினிப் பெட்டிக்குள் செயலிகள் மூவர் குடியிருந்தார்கள்: படம் ஓட்டுபவன், போனில் எடுக்கும் போட்டோக்களை அவ்வப்போது வாங்கிச் சேர்த்துவைக்கும் போட்டோக்காரி, காவல்காரன். எது நின்றாலும் வீட்டுக்காரர் தணிகைவேலின் போனுக்குச் சேதி அனுப்புவது காவல்காரன் வேலை.

படம் ஓட்டுபவன் ஓயாமல் ஓட்டியதில் பெட்டி கொதித்தது.

"பெட்டியே நின்னுட்டா யாருண்ணே சொல்லுவா?" என்றாள் போட்டோக்காரி.

"நான்தான்."

"நீங்களும் இதுக்குள்ளதானே இருக்கீங்க?"

"அதான், கூடவே இருந்து பாத்துக்கறேன்."

அன்று மாலையே பெட்டி அணைந்தது.

மறுநாள் வெளியூரில் பேத்தியின் காதுகுத்தை போனில் படமெடுத்துத் தள்ளிய தணிகைவேலுக்கு, நடுவில் போனில் இடம் தீர்ந்துபோனது. எதுவும் நின்றதாகப் பெட்டியிடமிருந்து சேதி வரவில்லை.

"எல்லாம் வீட்டுப் பெட்டிக்குப் போயிருக்கும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, எடுத்ததையெல்லாம் நிம்மதியாக அழித்தார்.