நடுப்பாதைக்கு அந்தப் பக்கம்

“ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம்” என்று சொன்ன பங்குச்சாமி அதற்கு மேல் பூசையை நடத்தவில்லை. பீடத்தின் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது. கோயிலுக்குள் இடப்பக்கம் மேலத்தெருக்காரர்கள், வலப்பக்கம் கீழத்தெருக்காரர்கள். போன வாரம் ஒருவரையொருவர் கல்லால் அடித்துக்கொண்டவர்கள். சமாதானம் சொல்ல எல்லோரும் கைகூப்பித் தலைகுனிந்தார்கள்தான், ஆனால் அவரவர் தெருக்காரர்களைப் பார்த்து மட்டும். நடுப்பாதையைத் தாண்டி ஒரு தலையும் திரும்பவில்லை. பிள்ளைகள் பசியில் அழுதன. வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் என்பதால் தலைவலி எனக்குத்தான். பொறுமை போய் சாமியிடம் குனிந்தேன். “இதுக திருந்தாது சாமி. ஆசீர்வாதத்தக் குடுத்து அனுப்பிருங்க. இன்னும் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவீங்க?” அவருக்கும் எரிச்சல்தான். “நான் எங்க மல்லுக்கட்டுறேன், சும்மாத்தான உக்காந்திருக்கேன். நீங்க எந்தப் பக்கம் கும்பிட்டீங்க உபதேசியாரே?” நான் மேலத்தெரு. நடுப்பாதைக்கு அந்தப் பக்கத்து முதல் வரிசையில், என் மகன் எறிந்த கல்லுக்குத் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு சூசைமரியான் உட்கார்ந்திருப்பது பார்க்காமலே தெரியும். கைகளைக் கூப்பிவிட்டேன். கோயிலே இன்னும் திரும்பாத என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.