பச்சை முகம்

மனைவி தன்னைக் கொல்லப் போகிறாள் என்ற சந்தேகம் சுரேந்திரனுக்கு பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில்தான் வந்தது. பகல் சாப்பாடு முடித்துக் கண்ணயர்ந்தவன், ஏதோ உறுத்தக் கண்ணைத் திறந்தான். கால்மாட்டில் கலைச்செல்வி நின்றிருந்தாள். ஒரு கண்ணை மூடி, கையை விறைப்பாக நீட்டி, நீளமான குச்சி ஒன்றை அவன் கழுத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணுமில்லைங்க. நீங்க தூங்குங்க," என்றாள்.

அதற்குப் பிறகு யாருக்குத் தூக்கம் வரும்?

கலைச்செல்வி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியவர்கள், பெரியவர்களுக்கென்று சனி ஞாயிறுகளில் ஓவிய வகுப்பு வைத்தார்கள். மல்லிகா மிஸ் கொழும்பிலிருந்து வந்து, அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியர்கள் எண்ணெய் வர்ணத்தில் முகம் வரைந்த விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். தோட்டத்து ஆட்களுக்கு இலவசம். போய்விட்டு வா என்று அவளை அனுப்பியதே சுரேந்திரன்தான். தைப்பொங்கலுக்குப் பிறகு வீட்டில் களவு போனதிலிருந்து அவள் சிரித்தே அவன் பார்க்கவில்லை. போனது, பெட்டியில் பூட்டி வைத்திருந்த அவளுடைய தாய்வீட்டுச் சங்கிலி. அவள் வெறுங்கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் பாவம், அவனுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

வகுப்புக்குப் போனவள் சும்மா வரவில்லை. வர்ணம் கரைக்க என்று சொல்லி, மண்டையோட்டுப் படம் போட்ட போத்தல் ஒன்று தேங்காய் எண்ணெய் போத்தலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அன்று முதல் சுரேந்திரன் முதல் பிடிச் சோற்றைப் பூனைக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். பூனை தின்றது, கொட்டாவி விட்டது, சுருண்டு படுத்தது. அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் பூனை எழுந்து இன்னும் கொஞ்சம் கேட்டது. ஆனாலும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாளிலிருந்து ஸம்சுதீன் நானா கடை ரொட்டிதான் சாப்பாடு.

புதன்கிழமை, கூட வகுப்புக்கு வரும் ரோஷானியோடு கலைச்செல்வி தொலைபேசியில் குசுகுசுப்பது ஜன்னல் வழியாக அவன் காதில் விழுந்தது.

"இன்னும் பச்சையாத்தான் கெடக்கு ரோஷானி. செத்தது நல்லாக் காயட்டும், அதுக்கப்பறம் மத்ததப் பாத்துக்கலாம். ஞாயித்துக்கெழமை முடிச்சிருவேன். அவருக்கு மட்டும் தெரியக் கூடாது."

சுரேந்திரன் நேராக ஸம்சுதீனிடம் ஓடி விஷயத்தைக் கொட்டினான். உடனே போய்ப் பொலிஸில் ஒரு என்ட்ரி போடு என்றார் அவர். பொலிஸ் என்றதும் சுரேந்திரன் பேச்சை மாற்றி இன்னொரு பிளேன்டீ கேட்டான். வீட்டு மானத்துக்குப் பயப்படுகிறான், நல்ல பிள்ளை என்று நெகிழ்ந்துபோன ஸம்சுதீன், ரொட்டிக்குச் சம்பலைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அலுமாரிக்குப் பின்னால் துணி சுற்றி வைத்திருந்த கன்வஸை வெளியே இழுத்தான். அவன் மூக்கு. அவன் தாடை. அவனுடைய அதே விடைத்த காது. முகம் முழுக்கப் பச்சை, ஆற்றில் ஊறிய பிணத்தைப் போல. நிமிர்ந்து பார்த்தால், எதிர்ச் சுவரில் வெறும் ஆணி. போன மழைக்குக் கூரை ஒழுகி அப்பாவின் ஒரே படமும் பூஞ்சணம் பிடித்துப் போனதிலிருந்து அது காலியாகத்தான் கிடக்கிறது. ஆக, நமக்கு இடமும் பார்த்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் கோயிலடியில் பூக்கட்டும் ஜெயம்மா வேறு அவனை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உங்க வீட்டம்மா ஒரு மாலை சொல்லியிருக்கிறார், மாட்டப் போகிற படம் எவ்வளவு பெரிசு என்று அவனிடமே விசாரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கலைச்செல்வி ஒரு கையில் துணி சுற்றிய கன்வஸும் மறு கையில் மாலையுமாக வாசலில் நின்றாள்.

"ஏங்க, கண்ண மூடிக்கிட்டு இப்பிடி வந்து உக்காருங்க."

சுரேந்திரன் கண்ணை மூடவில்லை. அப்படியே அவள் முன்னால் மண்டியிட்டான்.

"கலை, என்னைய ஒண்ணும் செஞ்சிராத. ஒனக்கு எல்லாம் தெரிஞ்சிபோச்சின்னு எனக்குத் தெரியும். கள்ளன் யாரும் வரல. பூட்ட ஒடைச்சதும் நான்தான், சங்கிலிய வித்ததும் நான்தான். இறக்குவானையில மாணிக்கக் குழியில பங்கு போட்டேன். சேறுதான் வந்திச்சி."

கலைச்செல்வி மாலையை மேசை மேல் வைத்தாள். பிறகு கன்வஸின் துணியை மெதுவாக அவிழ்த்தாள். நெற்றியில் திருநீறும் கன்னத்தில் ரத்த ஓட்டமுமாக, சுரேந்திரனின் செத்துப்போன அப்பா அவனைப் பார்த்தார்.

"நாளைக்கி மாமா திவசம். மறந்துட்டீங்க," என்றாள். "அவரு படம் கெட்டுப் போச்சேன்னு ஒங்க மொகத்தப் பாத்து, குச்சிய நீட்டி அளந்து வரைஞ்சேன். மொதல்ல பச்சை பூசணும். அதுக்குப் பேரு செத்த வர்ணம்னு மிஸ் சொன்னாங்க. அது காஞ்சப்பறம் மேல செவப்ப ஏத்துனா உசிரு வந்துரும்."

சங்கிலியைப் பற்றி இந்த நிமிஷம் வரை அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் மாமனாரை ஆணியில் மாட்டி மாலை போட்டாள். கும்பிட்டாள். பிறகு புதுக் கன்வஸ் ஒன்றை எடுத்துச் சாய்த்து வைத்து, பச்சை வர்ணக் குழாயைத் திறந்தாள். தைப்பொங்கலுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பக்கத்துல இன்னொரு ஆணி அடிச்சிட்டு வந்து உக்காருங்க."