மூன்று விரல் விரிசல்

மாடிச் சுவரில் முளைத்திருந்த ஆலங்கன்றுக்கு, ஜன்னல் வழியாக எக்கி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றாமல் பஸ் டிரைவர் வேலைக்குக் கிளம்பியதே இல்லை. "வீட்டுக்குள்ள ஒழுகுறது போதாதுன்னு வெளியில வேற ஊத்தணுமாக்கும்" என்று மனைவி சலித்துக்கொள்வாள்.

அன்று பாதி ஊற்றும்போதே பாரம்பரியக் கட்டடத் துறை அதிகாரி படியேறி வந்துவிட்டார். டிரைவர் அவசரமாகச் செம்பைக் கீழே வைத்தார்.

"நூத்தம்பது வருஷத்து வீடு. இடிக்கணும்னு மனு போட்டிருக்கீங்க."

"வேற வழி இல்ல சார். சுண்ணாம்புலதான் பூசணும், தேக்குலதான் உத்தரம் போடணும்னு உங்க துறை சொல்லுது. என் பத்து வருஷச் சம்பளம் அதுக்கே போயிடும். விக்கப் போனா, இடிக்க முடியாத வீட்டை எவன் வாங்குவான்? போன மாசம் பொண்ணு கட்டில் மேல ஓடு விழுந்துது. அவ பள்ளிக்கூடம் போயிருந்ததால பொழச்சா."

"உதவித்தொகைக்கு எழுதினீங்களா?"

"எழுதி ஆறு வருஷம் ஆச்சு."

அதிகாரி அலுப்போடு தலையாட்டினார். காலையிலிருந்து மூன்று வீடுகளில் இதே பாட்டு. யானையைக் கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டு, தீனியைப் பற்றி வாயே திறக்காத துறை அது.

"எங்க அப்பா வீட்டையும் இப்படித்தான் பட்டியல்ல சேர்த்தாங்க. இப்ப ஃபிளாட்ல இருக்கேன்" என்றார்.

"வீட்டைக் கட்டிப்பார்னுதான் சொன்னாங்க. இடிச்சுப்பார்னு யாரும் சொல்லலியே" என்றாள் மனைவி.

அதிகாரி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக எக்கி, ஆலங்கன்று வேர்விட்டிருந்த விரிசலுக்குள் விரல்களைச் சேர்த்து நுழைத்துப் பார்த்தார்.

"மூணு விரல். நாலு விரல் இருந்தாத்தான் ஆபத்தான கட்டடம்னு எழுத முடியும். அப்பதான் இடிக்க விடுவாங்க."

டிரைவருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"இந்தச் செடியையும் பிடுங்கணும்."

"வேணாம் சார். புள்ள மாதிரி வளர்த்துட்டேன்."

அதிகாரி அவரையும் கீழே இருந்த செம்பையும் பார்த்தார். பிறகு படிவத்தில், 'சுவரில் செடிகொடி: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாசல்வரை வழியனுப்ப வந்த டிரைவரிடம், "அடுத்த ஆய்வு ரெண்டு வருஷம் கழிச்சு" என்றார். தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெறும் தண்ணியில அதுக்குள்ள நாலு விரல் வராது. எங்க வீட்டுக்கு நான் எருவும் போட்டேன்."