கட்டிலுக்கு ஒரு மோட்டார்

"என் கட்டிலுக்கு மோட்டாரா? நான் என்ன, கட்டில்ல ஆள் ஏத்திக்கிட்டு டிரிப் அடிக்கப் போறேனா?"

இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார் ரிட்டயர்டு பஸ் டிரைவர். கட்டிலுக்கு அடியில் படுத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

பக்கத்து வீட்டுத் தையல்காரி தன் சக்கர நாற்காலியை உருட்டிவந்து அவருக்கு நேர் எதிரே நிறுத்தினாள். எப்போதும் முகம் பார்த்துத்தான் பேசுவாள்.

"என் பழைய தையல் மிஷினோட மோட்டார் அண்ணே, சும்மா கிடந்துச்சு. சுவிட்ச் என் வீட்டுப் பக்கம். கரண்ட் போனாலும் இன்வர்ட்டர்ல ஓடும். நான் அழுத்தினா உங்க கட்டில் குலுங்கும். உடனே எழுந்து ஓடி வந்துடணும். ஆத்துல தண்ணி ஏறிச்சுன்னா, நான் தனியா அந்த மேட்டுல ஏற முடியுமா, சொல்லுங்க?"

"அதுக்குத்தானே சைரன் வெச்சிருக்காங்க?"

"போன ஒத்திகைக்கும் சைரன் ஊதினாங்களே. வந்தீங்களா?"

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்கு ஆகாது.

ஆற்றை ஒட்டிய தெரு அது. சைரன் ஊதியதும் தெரு முழுவதும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது வெள்ளத் தடுப்புக் குழுவின் ஏற்பாடு. போன முறை கைக்குழந்தைகள்கூட வந்துசேர்ந்துவிட, இவர் மட்டும் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து, கடைசியில் ஜன்னல் வழியாக ஒரு குடம் தண்ணீரை ஊற்றித்தான் எழுப்பினார்கள்.

தெருவே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

"அடுத்த தடவையும் இப்படித் தூங்கினீங்கன்னா, வீட்டைப் பூட்டி உங்களை என்கூடவே கூட்டிட்டுப் போயிடுவேன்பா" என்று விரல் நீட்டிச் சொல்லிவிட்டுத் தன் ஊருக்குப் போயிருந்தாள்.

அவரும் மனைவியும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டிய வீடு. மனைவி காலமான பிறகும் அந்த வீட்டைத் தவிர வேறெங்கும் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. அந்தத் தூக்கமே இப்போது வீட்டுக்கு வினையாக வந்து நின்றது.

"சரி சரி, மாட்டு" என்றார். "எனக்காக இல்ல தங்கச்சி. நீ தனி ஆளு. உன்னை விட்டுட்டுப் போனா கடவுள் என்னைச் சும்மா விடுவாரா?"

"அதானே அண்ணே" என்று சிரித்தாள் அவள். மடியிலிருந்து ஒரு நீலத் துணிப்பட்டையை எடுத்து அவர் கையில் கட்டிவிட்டாள். குழு சொல்லி அவள்தான் தெருவுக்கே தைத்திருந்தாள். தனக்கு ஒரு மஞ்சள் பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

"உனக்கு மஞ்சள், எனக்கு நீலமா?"

"ரெண்டும் ஒரே நிறமா இருந்தா, யாரு யாரைக் கூட்டி வந்தாங்கன்னு தெரியாதே அண்ணே."

டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டார். புஜத்தில் நீலம் எடுப்பாகத்தான் இருந்தது.

நாளும் நேரமும் சொல்லாமல் ஒத்திகை வந்தது. மத்தியானம், டிரைவர் கனவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல ரோடு திடீரென்று குண்டும் குழியுமாக மாறியது. ஸ்டியரிங் நிற்கவில்லை, சீட்டு நிற்கவில்லை, பல்லெல்லாம் கடகடத்தது.

"யாரும் இறங்காதீங்க! இன்னும் ஸ்டாப் வரல!" என்று கத்திக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். கட்டில் குதித்துக்கொண்டிருந்தது.

சட்டையையும் நீலப் பட்டையையும் மாட்டினாரோ இல்லையோ, பக்கத்து வீட்டு வாசலில் நின்றார். தையல்காரி தயாராக இருந்தாள். நாற்காலியின் பிடியைப் பற்றித் தள்ள ஆரம்பித்தார்.

"மேடு வருது அண்ணே, கியரை மாத்துங்க!"

கழுத்தைத் திருப்பி அவள் சொன்னதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "டபுள் கிளட்ச் போட்டாச்சு! கெட்டியா பிடிச்சுக்கோ!"

மளிகைக்கடைக்காரர் குடும்பத்தை ஓரம்கட்டி முந்தினார். வழியெல்லாம் பிள்ளைகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினார்கள். 'ஓடும்போது கையை வீசி ஓட வேண்டியதுதானே' என்று நினைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூட வாசலில் மகள் நின்றிருந்தாள்; ஒத்திகை நாளைக் குழு அவளுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லியிருந்தது. மூச்சு வாங்க வந்து நின்ற அப்பாவைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பிச்சீங்கப்பா. உங்க வீட்டுலயே இருங்க" என்றாள்.

"பின்னே? நான் போயிட்டா இந்தத் தங்கச்சியை யாரு தள்ளிக்கிட்டு வருவா?"

மகளும் தையல்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சிலருக்குக் கடவுள் துணையைப் பக்கத்து வீட்டிலேயே குடிவைத்துவிடுகிறார்.

படிக்கட்டில் ஏறி நின்று குழுத் தலைவி மைக்கைப் பிடித்தார்.

"நீலப் பட்டை கட்டினவங்க, துணை இல்லாம வர முடியாதவங்க. கண் தெரியாதவங்க இருக்காங்க, சைரன் காதுல விழாதவங்க இருக்காங்க. ஒருத்தர் விடாம அத்தனை பேரையும் கூட்டி வந்து சேர்த்தது மஞ்சள் பட்டைக்காரங்கதான். அவங்களுக்கு எல்லாரும் பலமா ஒரு கைதட்டு!"

டிரைவர் குனிந்து, "என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டார்.

தையல்காரி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். மஞ்சள் பட்டை கட்டிய கையால் அவர் கையைத் தொட்டு, முகம் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"ஒருத்தரை ஒருத்தர் விட்டுட்டு வராதவங்களுக்குக் கை தட்டச் சொல்றாங்க அண்ணே."

"அப்ப நமக்குத்தான்!" என்றவர், நீலப் பட்டை தெரிய இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, கூட்டத்திலேயே பலமாகத் தட்டினார்.